வேணும்னே போட்ட தப்பு

அந்தப் பயக கத்துனதக் கேட்டீங்கல்லா? பஸ்ஸ எடுத்ததும் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு "சார், தப்பு! சார், தப்பு!"ன்னு. நீங்க திரும்பி என்னையப் பாத்ததையும் நான் பாத்தேன். இந்த மனுசன் என்ன தப்பு பண்ணிட்டு பஸ் ஏறுதானோன்னு நெனச்சிருப்பீங்க. நானா இருந்தாலும் பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டிருப்பேன்.

கால நல்லா நீட்டி உக்காருங்க அண்ணாச்சி. அந்தச் சாக்குல இருக்கது வாலிபால் வலைதான், மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. மாவட்டப் போட்டிக்குப் போய்க்கிட்டிருக்கேன். பிள்ளைக எல்லாம் வேன்ல போயாச்சு. வலைக்கு எடமில்லன்னுட்டான் டிரைவர். அதனால வலையும் நானும் பஸ்ஸுல.

நான் பி.டி. வாத்தியார். பேரு பொன்னுத்துரை. சர்வீஸு முழுக்க ஒரே பள்ளிக்கூடம்தான், எய்டட் ஸ்கூல். அந்தப் பயக கத்துததுக்கு ஒரு காரணம் இருக்கு. ஊரு முழுக்க என்னையப் பத்தி ஒரு பேச்சு பரவிப்போச்சு. பி.டி. சாருக்குக் கணக்கு தெரியாதுன்னு. அது பொய்யி. எல்லாம் வேணும்னே போட்ட தப்பு. வெவரமாச் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

ஆறுமுகநயினார்னு ஒரு கணக்கு சார் எங்க ஸ்கூல்ல. நல்ல மனுசன், கெட்டவர்னு சொல்ல மாட்டேன். ஆனா பி.டி. பீரியட் வந்துச்சுன்னா கரெக்டா வாசல்ல வந்து நிப்பார். "சார், போர்ஷன் முடியல, இந்த ஒரு பீரியட் மட்டும்"பார். இந்த ஒரு பீரியட் மட்டும், இந்த ஒரு பீரியட் மட்டும்னு என் சர்வீஸ்ல பாதிய அவர் வாங்கிக்கிட்டார். பிள்ளைக மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ள போகும். நான் பந்தக் கையில வச்சுக்கிட்டு வேப்பமரத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன். யார்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கேனா? இல்ல.

போன வருசம் ஜூன்ல எச்.எம். அம்மா கூப்பிட்டாங்க. ஜெயசீலி டீச்சர். பத்தாம் வகுப்ப ரெண்டாப் பிரிக்கப் போறோம்னாங்க. படிக்கிற பிள்ளைக ஆறுமுகநயினார்கிட்ட. மிச்சம் இருக்கதுக மெல்லக் கற்போராம். பேர அழகாத்தான் வைக்காங்க. அதுகளுக்குத் தனி ரூம், கணக்கு பீரியட்ல நான் பாத்துக்கிடணுமாம்.

"நான் கணக்கு எடுக்கணுமா டீச்சர்?"ன்னு கேட்டேன்.

"எடுக்க எல்லாம் வேண்டாம் சார். சத்தம் வராமப் பாத்துக்கிட்டாப் போதும்"னாங்க.

சரின்னு போனேன். சத்தம் எங்க வருது? எல்லாம் தூங்குதுக. வெயிலுமுத்துன்னு ஒருத்தன், வாயப் பொளந்துக்கிட்டு. ஆவுடையம்மாள்னு ஒரு பிள்ள, கடைசி பெஞ்சு, தலையக் கவுத்தா கவுத்ததுதான். கிட்டப் போனா மல்லியப்பூ வாசம் மட்டும் வரும். இன்னொருத்தன் உக்காந்தபடியே கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு தூங்குதான், அவன் ஒரு கலைஞன்.

எனக்கு ரோசம் வந்துட்டு அண்ணாச்சி. என் சர்வீஸ்ல எம் முன்னாடி ஒருத்தன் தூங்குனதில்ல. மைதானத்துல எவன் தூங்குவான்? இதென்னடா இது, நம்ம மொகத்தப் பாத்துத் தூங்குதானுவளேன்னு, சாக்பீஸ எடுத்தேன். புஸ்தகத்துல கண்ணு பட்ட ஒரு கணக்க போர்டுல எழுதுனேன்.

என் தகுதியையும் சொல்லிருதேன். பத்தாவதுல கணக்குக்கு முப்பத்தஞ்சு. பாசுக்கு முப்பத்தஞ்சுதான? அதுக்கு மேல எடுத்து மிச்சத்த வச்சு என்ன செய்ய? அப்புறம் ஹிஸ்டரி குரூப்பு. ஆனா அடிப்படை எனக்கு இரும்பு மாதிரி.

அந்தக் கணக்குல ஒரு எடத்துல மைனஸ் மூணையும் மைனஸ் நாலையும் பெருக்கணும். மைனஸ் பன்னெண்டுன்னு போட்டேன். வேணும்னேதான் போட்டேன். போட்டுட்டு அடுத்த வரிக்குப் போறேன், பின்னால இருந்து ஒரு சத்தம்.

"சார், தப்பு."

திரும்பிப் பாத்தா ஆவுடை. தல இன்னும் டெஸ்க்குலதான் கெடக்கு, ஒரு கண்ணு மட்டும் தொறந்திருக்கு.

"என்னட்டி தப்பு?"

"ப்ளஸ்ஸு வரும் சார்."

"ரெண்டும் மைனஸா இருக்கும்போது ப்ளஸ்ஸு எங்கிருந்து வரும்? ரெண்டு கடன்காரன் சேந்தா ஒருத்தன் பணக்காரனாயிருவானா?"

நல்ல கேள்வில்லா? பிள்ளைக யோசிக்கணும்னு கேட்டேன். உடனே வெயிலுமுத்து முழிச்சுட்டான். "ஆமாட்டி, சார் சொல்லுததுதான் சரி"ங்கான். இவ, "போல மூதி, எட்டாப்புலயே டீச்சர் சொன்னாங்க"ங்கா. அவன் இல்லைங்கான். இன்னொருத்தி ஆமாங்கா. கண்ணத் தொறந்துக்கிட்டு தூங்குனவன் கண்ண மூடித் தொறந்து, "புஸ்தகத்தப் பாருங்கலே"ங்கான். புஸ்தகத்தப் பிரிச்சானுவ பாருங்க, ஒட்டிக்கிட்டிருந்த பக்கமெல்லாம் சடசடன்னு சத்தம் போட்டுப் பிரியுது. குடுத்ததுல இருந்து அன்னைக்குத்தான் தொறந்திருக்கானுவ. கடைசியில பாத்தா ப்ளஸ்ஸுதான்.

"சபாஷ், இதுக்குத்தான் தப்பாப் போட்டேன்"னேன்.

ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்துக்கிட்டானுவ. அது மரியாதைன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

மறுநாள்ல இருந்து சட்டம் போட்டேன். மைதானத்துல எப்படி? ஃபவுல் பண்ணா விசில். இங்கயும் அதே மாதிரிதான். என் விசில எடுத்து மேசையில வச்சேன். "நான் போடுத கணக்குல தப்பு இருக்கும், எங்கன்னு சொல்ல மாட்டேன். பிடிக்கிறவன் வந்து விசில் அடிக்கலாம். அடிச்சவன் போர்டுல சரியாப் போட்டுக் காட்டணும். சும்மா அடிச்சான்னா கிரவுண்ட ஒரு சுத்து சுத்தணும்"னேன்.

அண்ணாச்சி, அதுக்கப்புறம் அந்த ரூம்ல எவன் தூங்குனான்? ஒவ்வொருத்தனும் என் கைய முறைச்சுப் பாத்துக்கிட்டே இருக்கான். போட்டது தப்பான்னு தெரியணும்னா சரி எதுன்னு தெரியணும்லா? அதுக்காக வீட்லயே படிச்சுட்டு வாரானுவ! என்னையப் பிடிக்கதுக்காக. முத வாரம் விசில் சத்தம் தாங்கல. ஆறுமுகநயினார் பக்கத்து ரூம்ல இருந்து வந்து, "சார், அங்க கணக்கு நடக்கா கபடி நடக்கா?"ன்னு கேட்டார். "ரெண்டும்தான்"னேன். அதிகமா விசில் அடிச்சது ஆவுடைதான். போர்டுல நான் எழுதி முடிக்கதுக்குள்ள எந்திரிச்சு வந்துருவா. சில நேரம் நான் ஒரு வரி முழுசா எழுதவே விட மாட்டா. என் கைல சாக்பீஸ் இருந்தாலே சந்தேகம் அவளுக்கு.

என்னாச்சுன்னா, நேரம் பத்தல. அதனால என் பி.டி. பீரியட்டையும் கணக்குக்கே எடுத்துக்கிட்டேன். பிள்ளைக மொகத்தத் தொங்கப் போட்டுச்சு. "இந்த ஒரு பீரியட் மட்டும்"னேன். ஏன் சிரிக்கீங்க? நான் வாங்குனது என் சொந்த பீரியட்ல்லா.

இப்படிப் போய்க்கிட்டிருக்கும்போது காலாண்டுப் பரீட்ச வந்துச்சு. கணக்குப் பரீட்சைக்கு ஆவுடை வரல. எனக்குக் கோவம்னா கோவம். ஓட்டப்பந்தயத்துக்கு பழக்கி விட்டுட்டு, அன்னைக்குன்னு பாத்து ஆளக் காணோம்னா எப்படி இருக்கும்? அடுத்த வாரம் எச்.எம். அம்மா அவ அப்பாவக் கூப்பிட்டு விட்டாங்க. எங்க ஸ்கூல் வருசா வருசம் நூறு சதவீதம். அது ஒரு வியாதி அண்ணாச்சி. தேறாதுன்னு தெரிஞ்ச பிள்ளைக்கு டி.சி.யக் குடுத்து, ப்ரைவேட்டா எழுதிக்கோம்பாங்க. போன பிள்ள எது எழுதுச்சு? ஒண்ணும் எழுதாது. நூறு சதவீதம் மட்டும் போர்டுல இருக்கும்.

நான் ஆபீஸ் ரூம் வாசல்ல நின்னேன். அவ அப்பா உள்ள நின்னுக்கிட்டு சொல்லுதார், "நல்லதாப் போச்சு டீச்சர். பூவெடுக்க ஆளு கெடைக்க மாட்டேங்கு. ஆவணி முகூர்த்தத்துக்கு இவளத்தான் ரெண்டு நாளு வரவிடாம நிப்பாட்டுனேன். தெனம் வெடியக்கால நாலு மணிக்கு மல்லியப்பூக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், எட்டு மணிக்கு அனுப்புதேன். இனி முழு நாளும் இருப்பா."

அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. பூ வாசம் பூ வாசம்ங்கேன், அந்தப் பிள்ள தலையில ஒரு நாளாவது பூ இருந்துச்சா? இல்ல. நான் பாக்கல. நேரா உள்ள போயிட்டேன்.

"டீச்சர், ஆவுடைக்கு டி.சி. குடுக்காதீங்க."

"ஏன் சார்?"

"எங்க கிளாஸ்ல விசில் ஜாஸ்தி அடிச்சது அவதான்."

எச்.எம். அம்மா என்னைய ஒரு பார்வ பாத்தாங்க. ஆறுமுகநயினாரும் அங்க இருந்தார். அவருக்குச் சிரிப்பு. "சரி சார். நாளைக்கு அந்தப் பிள்ள இங்க வந்து, வெளிப்புள்ளியில இருந்து வட்டத்துக்கு ஒரு தொடுகோடு வரஞ்சு காட்டட்டும். வரஞ்சுட்டான்னா டி.சி. வேண்டாம்னு நானே சொல்லுதேன்"னார். பரீட்சையில வடிவியலும் வரைபடமும் மட்டும் பதினாறு மார்க். பிழைக்கணும்னா அதுதான் வழி. பந்தயம் சரியான பந்தயம்தான், கொற சொல்ல முடியாது.

மறுநாள் காலையில ஆபீஸ் ரூம். எச்.எம். அம்மா டீ குடிச்சுக்கிட்டிருக்காங்க. மேசையில டி.சி. ரெடியா இருக்கு, கையெழுத்துதான் பாக்கி. அவ அப்பா வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டு ஓரமா நிக்கார். ஆறுமுகநயினார் கைய கட்டிக்கிட்டு நிக்கார். ஆவுடை போர்டு முன்னால. பெரிய மரக் காம்பஸ கையில குடுத்தா, பிள்ள வாங்கிக் கீழ வச்சுட்டா. ஒரு நிமிசம் ஆச்சு, ரெண்டு நிமிசம் ஆச்சு. போர்டப் பாக்கா, அப்பாவப் பாக்கா, தரையப் பாக்கா.

"சரி சரி, பிள்ள பயந்துட்டு. முதல்ல நான் ஒருதடவ போட்டுக் காட்டுதேன், அதுக்கு ஞாபகம் வந்துரும்"னேன்.

"போடுங்க, தாராளமாப் போடுங்க"ங்கார் ஆறுமுகநயினார்.

போட்டேன். வட்டம் வரஞ்சேன், நல்ல வட்டம். வெளிய ஒரு புள்ளி வச்சேன். மையத்தையும் புள்ளியையும் சேத்தேன். மையக்குத்துக்கோடு போட்டேன், நடுப்புள்ளி கெடச்சுட்டு. அந்த நடுப்புள்ளியில காம்பஸ ஊனி அடுத்த வட்டம் போடணும். ஆனா நான் பழையபடி மொத வட்டத்தோட மையத்துலயே கொண்டுபோய் ஊனிட்டேன். இதுவும் வேணும்னேதான், சொல்லிட்டேன். முந்தின நாள் ராத்திரி வீட்ல நான் எத்தன தடவ போட்டுப் பாத்தேன்னு என் வீட்டம்மாவக் கேளுங்க. அவ சாப்பிட வாங்க சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு, சவத்த விட்டுத்தொலைங்கன்னு படுத்துட்டா. அவ்வளவு சரியா வந்துச்சு.

காம்பஸ ஊனி நான் வளைக்கல இன்னும், காதுக்குள்ள "பீப்"னு ஒரு சத்தம்! எச்.எம். அம்மா கையில இருந்த டீ டி.சி. மேல கொட்டிட்டு. விசில் அவ கைக்குள்ளதான் இருந்திருக்கு. மூடுன கைக்குள்ள, இவ்வளவு நேரமும். எப்ப எடுத்தாளோ.

"சார், தப்பு!"

"எதுட்டி?"

"அதே எடத்துலயா சார் ஊனுவாங்க? நடுப்புள்ளியில ஊனணும். எத்தன தடவ சார் உங்களுக்குச் சொல்லுதது?" காம்பஸ என் கைல இருந்து பிடுங்கிட்டா. யூனிபார்மாச்சேன்னு பாக்கல, துப்பட்டாவாலயே நான் போட்டத அழிச்சா. நடுப்புள்ளியில ஊனுனா, ஒரு சுத்து. வெட்டுன எடம் ரெண்டு. ரெண்டு தொடுகோடு. அளந்து காட்டுனா. ரெண்டும் ஒண்ணுபோல. வேர்த்து ஊத்துது, மூச்சு வாங்குது, ஆனா கோடு வளையல.

ஆறுமுகநயினார் கட்டுன கைய அவுத்தார். "சரியாத்தான் இருக்கு"ன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது, ஆனா சொன்ன சொல்லுல நின்னார். எச்.எம். அம்மா டீ கொட்டுன டி.சி.யக் கசக்கிக் கூடையில போட்டாங்க. அவ அப்பா என்கிட்ட வந்து, "பிள்ள இப்படிச் சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல சார்"னார். அப்புறம், "பரீட்ச முடியுதவரைக்கும் பூவுக்கு என் தங்கச்சியக் கூப்பிட்டுக்கிடுதேன்"னார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். சாக்பீஸ் தூசி கண்ணுல.

வெளிய வரும்போது எச்.எம். அம்மா மெதுவா, "விடுங்க சார், ஆனைக்கும் அடி சறுக்கும்"னாங்க. ஆறுதல் சொல்லுதாங்களாம்! ஆன எங்க சறுக்குச்சு? ஆன குதிச்சதுல்லா? யாருக்குப் புரியுது.

மார்ச்சுல எழுதுனா. பாஸ் பண்ணிட்டா, கணக்குல அறுபத்து மூணு. வெயிலுமுத்து நாப்பது. எங்க ரூம்ல ஒருத்தர் விடாம பாஸ். ஒருத்தருக்கும் டி.சி. குடுக்காமலே நூறு சதவீதம். ஆவுடை இப்ப டவுன் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன். கணக்கு குரூப்பு எடுத்திருக்கா, கோட்டிக்காரப் பிள்ள.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். ஆகஸ்ட் பதினஞ்சு கொடியேத்தம். ஆவுடைக்குப் பரிசு குடுத்து, ரெண்டு வார்த்த பேசும்மான்னு மைக்கக் குடுத்தாங்க. ஊர்ப்பட்ட சனம். நானும் முன்வரிசையில, புது சட்ட போட்டு உக்காந்திருக்கேன். அவ மைக்கப் பிடிச்சு மொத வார்த்த என்ன சொன்னாங்கீங்க? "எங்க பி.டி. சாருக்குக் கணக்கு தெரியாது."

கொல்லுன்னு சிரிப்பு. சிரிப்புன்னா, கொடிக்கம்பத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துட்டு. அதுக்கப்புறமும் அவ என்னமோ பேசுனா. அவருக்கே தெரியலன்னதும் எங்களுக்குப் பயம் போச்சுன்னோ, தெரியலன்னு சொல்ல வெக்கம் இல்லாமப் போச்சுன்னோ என்னமோ. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேட்டுச்சு? மேடைய விட்டு எறங்கும்போது என்னையப் பாத்து கண்ணுல தண்ணி வேற. மேடக்கூச்சமா இருக்கும். எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல அண்ணாச்சி. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த "சார், தப்பு." கடைக்குப் போனா மிச்சம் குடுக்கும்போதுகூட "சரியாப் பாத்துக்கோங்க சார்"ங்கான்.

சரி போகட்டும். இதவிடப் பெரிய கொடும ஒண்ணு இருக்கு. இந்த வருசமும் புது செட்டு மெல்லக் கற்போரக் குடுத்தாங்க. அதே ரூம், அதே விசில். ஆனா இந்த வருசம் எனக்குக் கணக்கு எல்லாம்... எப்படிச் சொல்ல... போன வருசம் அவ்வளவு விசில் வாங்குனதுல, கை தானாச் சரியாப் போட்டுருது. சரியாப் போட்டா எவன் பாக்கான்? தூங்குதான். சரின்னு வேணும்னே தப்புப் போட்டேன். நல்ல பெரிய தப்பா. கடைசி பெஞ்சுல ஒருத்தன் தலையத் தூக்காமலே சொல்லுதான், "சார், நடிக்காதீங்க சார்."

விசில் மேசையிலயே கெடந்துச்சு. ஜூன் போச்சு, ஜூலை போச்சு. ஒரு பய தொடல. மூணு மாசத்துல அதுல தூசி படிஞ்சுட்டு. இதுல காலாண்டு வேற வந்துட்டு. திரும்ப அந்த டி.சி. பேச்சு. இந்தத் தடவ காசிப்பாண்டின்னு ஒரு பய. ஜூன்ல இருந்து அவன் குரலக்கூட நான் கேட்டதில்ல. எனக்குத் தூக்கமே போச்சு.

போன வாரம் எச்.எம். அம்மாகிட்ட போனேன். "டீச்சர், கணக்க வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க. இந்தப் பிள்ளைகளுக்கு எனக்கு இங்கிலீஷ் குடுங்க"ன்னேன்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா சார்?"ன்னாங்க.

"தெரியாது டீச்சர்"னேன்.

சும்மாதான் சொன்னேன். தெரியும்னா குடுக்க மாட்டாங்கல்லா.

எச்.எம். அம்மா டைம் டேபிள எடுத்து, அவங்க கையாலயே மாத்தி எழுதிட்டாங்க. ஆறுமுகநயினார் வராந்தாவுல என்னையப் பாத்து, "சார், நேரம் பத்தலன்னா என் பீரியட்ல ஒண்ணு எடுத்துக்கோங்க"ன்னார். அவர் பீரியட்ட அவர் குடுத்து நான் பாத்ததில்ல அண்ணாச்சி.

நேத்து மொத வகுப்பு. வீட்ல ஒண்ணும் பாத்துட்டுப் போகல. விசிலத் தொடச்சு மேசையில வச்சேன். இங்கிலீஷ் புஸ்தகத்தப் பிரிச்சு மொதப் பாடத்த வாய்விட்டு வாசிக்க ஆரம்பிச்சேன். ஒரு வரி முடியல. பாதி வரிதான் வந்திருப்பேன்.

விசில்.

நிமிந்து பாத்தா காசிப்பாண்டி. மேசை முன்னால நிக்கான். எப்ப எந்திரிச்சான், எப்ப வந்தான், ஒண்ணும் தெரியல. விசில வாயில இருந்து எடுத்துட்டு, "சார், தப்பு"ங்கான். பின்னாடி எல்லாப் பயலும் எந்திரிச்சு நிக்கான்.

ஸ்டாப் வந்துட்டு. அந்தச் சாக்க ஒரு கை பிடிங்க. என்ன, நீங்களும் சிரிக்கீங்க? சிரிக்காதீங்க அண்ணாச்சி. வேணும்னேதான் வாசிச்சேன்.